காற்றில் எண்ணெய் வருகிறதா? பிஸ்டன் கம்ப்ரசரில் அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கோவையில் ஒரு கார் பெயிண்ட் பட்டறை. கறுப்புக் கார் ஒன்றின் பானெட்டுக்கு மூன்றாவது முறையாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேல்பூச்சு காய்வதற்குள் கடுகு அளவில் வட்டக் குழிகள் திறந்துகொண்டன. குழியின் நடுவே அடிப்பூச்சு தெரிந்தது. பெயிண்டர் தின்னரை மாற்றிப் பார்த்துவிட்டார். உரிமையாளர் மூன்று மாதத்தில் இரண்டு ஃபில்டர் வாங்கி மாட்டிவிட்டார். குழிகள் நிற்கவில்லை.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “கம்ப்ரசருக்கு மாதம் எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள்?”

“குறையும்போதெல்லாம் ஊற்றுவோம் சார். கணக்கு வைப்பதில்லை.”

காற்றில் எண்ணெய் வந்தால் பெயிண்டில் இப்படித்தான் குழி விழும். பலரும் முதலில் ஃபில்டர் வாங்கத்தான் ஓடுகிறார்கள். ஃபில்டர் கடைசியில் வரவேண்டியது. இயந்திரம் எண்ணெயை அள்ளி வீசிக்கொண்டிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஃபில்டரும் சில வாரங்களில் நனைந்து தோற்றுவிடும். அதனால் எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதை முதலில் அளங்கள். அறிகுறிகளை அதன் பிறகு பார்க்கலாம்.

முதலில் அளவு

எண்ணெய் பூசி ஓடும் பிஸ்டன் கம்ப்ரசரில் காற்றோடு கொஞ்சம் எண்ணெய் போகத்தான் செய்யும். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான ரிங் தேய்ந்துவிடும். அந்தப் படலத்தின் ஒரு பகுதி சூடான காற்றில் கலந்து வெளியேறுகிறது. இதைப் பூஜ்யமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம்.

5 குதிரைத்திறன் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 20 கன அடி காற்று, அதாவது மணிக்கு சுமார் 34 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம் எண்ணெய் போவதாக வைத்துக்கொண்டால், 100 மணி நேர ஓட்டத்தில் சுமார் 34 கிராம், ஏறக்குறைய 40 மில்லி. டீக்கடை டம்ளரில் பாதிகூட இல்லை. அதே 100 மணி நேரத்துக்கு நீங்கள் அரை லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால் கன மீட்டருக்கு 125 மில்லிகிராமுக்கு மேல் போகிறது. அந்த இயந்திரத்துக்கு வைத்தியம் பார்க்காமல் ஃபில்டர் வாங்குவது வீண்செலவு.

அளப்பது எளிது. இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் மட்டத்துக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு அடியில் செய்தித்தாளை விரியுங்கள். ஆயில் சீல் வழியாகவோ கேஸ்கட் வழியாகவோ ஒழுகும் எண்ணெயைக் காற்றின் கணக்கில் சேர்த்துவிடக்கூடாது. 50 மணி நேரம் ஓடிய பிறகு, அதே கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி தேவைப்படுகிறது என்று மருந்துச் சிரிஞ்சாலோ அளவுக் குடுவையாலோ பாருங்கள்.

கூடவே தாள் சோதனை. தொட்டியின் வெளிவாயில், ஃபில்டருக்குப் பின், ஸ்பிரே கன் மாட்டும் இடம் ஆகிய மூன்று இடங்களில் வால்வை மிக மெதுவாகத் திறந்து, ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தாளை ஐந்து நிமிடம் பிடியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கையைக் காற்றின் நேருக்கு நேர் காட்டாதீர்கள். பிறகு தாளை வெயிலில் அரை மணி நேரம் போடுங்கள். தண்ணீராக இருந்தால் காய்ந்து மறைந்துவிடும். எண்ணெயாக இருந்தால், பஜ்ஜி வைத்த தாளைப் போல ஒளி ஊடுருவும் கறை அப்படியே நிற்கும். எந்த இடத்துத் தாளில் கறை தொடங்குகிறது என்பதை வைத்துப் பாதி வழக்கு முடிந்துவிடும்.

தொட்டி வாயில் சுத்தம், ஸ்பிரே கன் அருகே எண்ணெய்

இப்படி வந்தால் கம்ப்ரசரைக் குற்றம் சொல்லாதீர்கள். வழியில் எங்காவது காற்றில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நட்டு கழற்றும் ஏர் கன்னுக்கு எண்ணெய் தேவை என்பதால் அதே குழாயில் அதை மாட்டியிருப்பார்கள். பெயிண்ட் குழாயும் அதன் பின்னால் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பெயிண்டுக்குத் தனிக் குழாய் எடுங்கள். ஒருமுறை எண்ணெய்க் காற்று போன ரப்பர் ஹோஸைப் பெயிண்டுக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், அதைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது.

மூன்று தாளிலும் கறை இல்லை, ஆனாலும் பெயிண்டில் குழி விழுகிறது என்றால் சிலிக்கான் கலந்த பாலிஷைச் சந்தேகப்படுங்கள். பக்கத்து மேடையில் யாரோ டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்பிரே அடித்தாலே போதும்.

எண்ணெய் வேகமாகக் குறைகிறது, வேறு எந்த மாற்றமும் தெரியவில்லை

நான் பார்த்த இயந்திரங்களில் அதிகம் இந்த வகைதான். வேறு சத்தம் இல்லை, சூடு இல்லை, அழுத்தமும் சரியாக ஏறுகிறது, எண்ணெய் மட்டும் காணாமல் போகிறது. இங்கே மூன்று இடங்களை வரிசையாகப் பாருங்கள். மூன்றுக்கும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

முதலாவது எண்ணெய் மட்டம். சிறிய இயந்திரங்களில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற பாகம் எண்ணெயில் தோய்ந்து மேலே வாரி அடிக்கிறது. மட்டம் கண்ணாடியின் நடுவில் இருக்கவேண்டும். “கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே” என்று கண்ணாடி முழுவதும் மறையும்வரை ஊற்றுகிறார்கள். அப்போது அந்தக் கரண்டி சிலிண்டர் சுவரை எண்ணெயால் குளிப்பாட்டுகிறது, ஆயில் ரிங்கால் வழித்துத் தள்ள முடியாமல் போகிறது. குறைகிறதே என்று மேலும் ஊற்றினால் மேலும் போகும். இயந்திரம் ஓடும்போது மட்டம் பார்க்காதீர்கள். பாதி எண்ணெய் அந்தரத்தில் இருக்கும், குறைவாகவே காட்டும்.

இரண்டாவது, காற்று உள்ளே வரும் ஃபில்டர். இதை வெறும் தூசு விவகாரமாக நினைக்கிறார்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது மேலே காற்று நிரம்பவேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று போதாமல் பிஸ்டனுக்கு மேலே வெற்றிடம் உண்டாகிறது. கீழே, எண்ணெய் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. அந்த வித்தியாசம் எண்ணெயை ரிங் இடைவெளிகள் வழியாக மேலே ஏற்றிவிடும். இளநீரில் போட்ட குழலை உறிஞ்சுவதும் இதுவும் ஒன்றே. ரிங் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். ரிங் மாற்றி இரண்டே வாரத்தில் மீண்டும் எண்ணெய் வருகிறது என்று அழைப்பவர்களிடம் நான் முதலில் ஃபில்டரைத்தான் காட்டச் சொல்வேன்.

அந்தப் பெயிண்ட் பட்டறையில் நடந்தது இதுதான். கம்ப்ரசர், பட்டி தேய்க்கும் இடத்துக்கு நான்கடி தூரத்தில் இருந்தது. ஃபில்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்த ஃபெல்ட்டைக் காணவே முடியவில்லை. வெளிர் சாம்பல் நிறப் பட்டித் தூள் எண்ணெய் ஈரத்தில் ஊறி, அதன்மேல் அப்பளம் போலக் கெட்டியாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சில்லாக உடைந்து விழுந்தது. புது ஃபெல்ட் போட்டவுடன் இயந்திரத்தின் ஓசையே மாறியது. அதுவரை இருந்த அடைபட்ட முனகல் போய் உள்ளிழுப்பு தெளிவாகக் கேட்டது. அந்த ஓசையைக் காதில் பதியவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை மூடியைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடலாம். தூசு உள்ள இடத்தில் வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். முடிந்தால் உள்ளிழுக்கும் குழாயைச் சுவருக்கு வெளியே நிழலான பக்கம் கொண்டுபோங்கள். குழாய் நீளும்போது அதன் விட்டத்தையும் கூட்டவேண்டும். மெல்லிய குழாயை இருபது அடி இழுத்தால் அதுவே இன்னொரு அடைப்பாகிவிடும்.

மூன்றாவது பிரீதர், கிராங்க் கேஸ் மூச்சுவிடும் சிறு வால்வு. ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று இதன் வழியாக வெளியேறவேண்டும். அடைத்துவிட்டால் கீழே அழுத்தம் சேர்ந்து எண்ணெயை மேலே தள்ளும், ஆயில் சீலையும் பிதுக்கிவிடும். கழற்றிக் கழுவி உலர்த்தி, உள்ளே உள்ள தட்டு தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள். சில இயந்திரங்களில் பிரீதரை உள்ளிழுக்கும் ஃபில்டரோடு குழாய் போட்டு இணைத்திருப்பார்கள். இடம் சுத்தமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் ரிங் தேய்ந்தபின் எண்ணெய்ப் புகை நேராகச் சிலிண்டருக்கே திரும்பிவிடும்.

பிரீதரிலிருந்து புகை வருகிறது, தொட்டி நிரம்ப நேரம் எடுக்கிறது

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உறுதி செய்ய ஒரு கடிகாரம் போதும். தொட்டியைக் காலி செய்து, வெளிவாயை மூடி, பூஜ்யத்திலிருந்து 7 பார் அழுத்தம் வரை ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 220 லிட்டர் தொட்டிக்கு சுமார் 1,540 லிட்டர் வெளிக்காற்று தேவை. நிமிடத்துக்கு 20 கன அடியை, அதாவது 566 லிட்டரை, உண்மையிலேயே தரும் இயந்திரம் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடும். பெயர்ப்பலகையில் உள்ள எண் பெரும்பாலும் பிஸ்டன் விலக்கும் கன அளவு, கையில் கிடைக்கும் காற்று அதைவிடக் குறைவு. ஆகவே புதிதாக வாங்கிய நாளில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுவதே சரி.

கழற்றுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, ஃபியூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொட்டியின் அழுத்தத்தை முழுவதும் இறக்குங்கள். பழைய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளங்கள். 100 மில்லிமீட்டர் விட்டச் சிலிண்டருக்குப் புது ரிங்கில் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். அது ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே இறுதி.

புது ரிங் போடும்போது நடக்கும் தவறுகளே பழைய ரிங்கைவிட அதிக எண்ணெயை ஏற்றுகின்றன. இரண்டாவது ரிங்கின் முகம் சற்றுச் சரிவாக இருக்கும். கீழே வரும்போது எண்ணெயை வழிக்கவும், மேலே போகும்போது படலத்தின்மேல் வழுக்கவும் அந்தச் சரிவு. தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் எண்ணெயை மேலே அள்ளிக்கொண்டு போகும். ரிங்கில் பொறித்துள்ள குறி மேல்நோக்கி இருக்கவேண்டும். வாய்கள் ஒரே கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். ஆயில் ரிங்கின் பின்புறம் பிஸ்டனில் உள்ள துளைகளில் கரி அடைத்திருந்தால், வழித்த எண்ணெய் திரும்பிப் போக வழியில்லை. மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறங்கள். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

சிலிண்டர் சுவர் கண்ணாடி போல மின்னினால் லேசாக ஹோனிங் செய்யவேண்டும். குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகள் இல்லாத சுவரில் புது ரிங் பொருந்தாது. பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படியாதவரை துடைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். ரிங் பொருந்தும் வரையான முதல் 50 முதல் 100 மணி நேரம் எண்ணெய் கூடுதலாகத்தான் போகும். அந்தக் காற்றைப் பெயிண்டுக்குக் கொடுக்காதீர்கள்.

எண்ணெய் மோர் போல வெளுத்திருக்கிறது

தண்ணீர் கலந்துவிட்டது. தேவைக்கு மிகப் பெரிய கம்ப்ரசரை வாங்கி, ஒரு நாளில் பத்து நிமிடம் மட்டும் ஓட்டும் இடங்களில் இதை அதிகம் பார்க்கிறேன். இயந்திரம் சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. உள்ளே குளிர்ந்து சேர்ந்த நீர் ஆவியாக வாய்ப்பே இல்லை. தொட்டிக் காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்தாலும் ஈரக்காற்று பின்னோக்கி வந்து சிலிண்டரில் இறங்கும். இயந்திரம் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சின் அருகே ‘உஸ்’ என்ற ஓசை ஓயாமல் வந்தால் அந்த வால்வுதான்.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். லாரிக்கு வாங்கிய இன்ஜின் ஆயிலில் மிச்சம் இருப்பதைக் கம்ப்ரசரில் ஊற்றுகிறார்கள். இன்ஜின் ஆயிலில் அழுக்கைத் தாங்கிப் பிடிக்கும் சேர்மானம் உண்டு, அது தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரசர் ஆயிலில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், வடித்துவிடலாம். நம் ஊர் வெயிலுக்குப் பிஸ்டன் கம்ப்ரசரில் பொதுவாக விஜி 100 தடிமன் உள்ள கம்ப்ரசர் ஆயில்தான் போடுவார்கள். வெளுத்த எண்ணெயை முழுவதும் வடித்து, புதிதாக ஊற்றி, தொட்டியின் வாயைச் சற்றுத் திறந்துவைத்து ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள்.

ஹெட் அளவுக்கு மீறிச் சுடுகிறது, வால்வில் கரி

இதை அலட்சியம் செய்யாதீர்கள். 30 டிகிரிக் காற்றை ஒரே கட்டத்தில் 7 பாருக்கு அழுத்தினால், வெப்பம் வெளியே போகாது என்று வைத்துக் கணக்கிட்டால் அது 270 டிகிரியைத் தாண்டும். இரண்டு கட்டமாகப் பிரித்து நடுவே குளிரவைத்தால் சுமார் 135 டிகிரியோடு நிற்கும். இடைக்குளிர்விப்பானின் துடுப்புகளில் தூசு மண்டினால், அல்லது வால்வுத் தகடு உடைந்து அதே காற்று திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டால், இந்தப் பாதுகாப்பு போய்விடும். எண்ணெய் ஆவியாகிப் போகும், மிச்சம் கரியாகும். அந்தக் கரி கனன்று வெளியேற்றுக் குழாயில் தீப்பிடித்த விபத்துகள் உண்டு.

தூசு, வால்வு இரண்டும் சரியாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால், பெரிய சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். அதன் ஆரங்கள்தான் விசிறி. மின்வாரிய வேலைக்குப் பிறகோ மோட்டார் கட்டி வந்த பிறகோ மூன்று ஃபேஸில் இரண்டு மாறியிருந்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். காற்று அழுத்தம் ஏறும், எல்லாம் சரி என்றே தோன்றும், ஆனால் விசிறிக் காற்று சிலிண்டரின் மேல் படாது. சுற்றவேண்டிய திசைக்கான அம்புக்குறி சக்கரத்திலோ அதை மூடியிருக்கும் காப்புக் கூண்டிலோ இருக்கும்.

கரியை நீக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொடாதீர்கள். அதன் ஆவி உள்ளே தங்கி, அடுத்த ஓட்டத்தில் வெடிக்கக்கூடும். சோப்புத் தண்ணீரும் பித்தளைக் கம்பித் தூரிகையும் போதும்.

மோட்டார் நிற்காமல், சுமை இல்லாமல் சுற்றும் வகை இயந்திரங்களில் இன்னொன்றும் கவனியுங்கள். உள்ளிழுக்கும் வாயை மூடிச் சுமை இறக்கும் அமைப்பாக இருந்தால், சும்மா சுற்றும் நேரமெல்லாம் சிலிண்டரில் வெற்றிடம்தான். ஃபில்டர் அடைத்ததற்குச் சமம். சும்மா ஓடும் நேரம் அதிகமென்றால் நின்று தொடங்கும் முறைக்கு மாற்றுங்கள்.

எல்லாம் சரி, ஃபில்டரும் இருக்கிறது, ஆனாலும் எண்ணெய்

இப்போதுதான் ஃபில்டரைப் பற்றிப் பேசலாம். எண்ணெய்த் துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்கி வடிக்கும் வகை ஃபில்டரில் காற்று உள்ளிருந்து வெளிப்பக்கம் போகவேண்டும். தூசு ஃபில்டரில் வெளியிலிருந்து உள்ளே. மாற்றி மாட்டினால் வேலை செய்யாது, உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள்.

இன்னொன்று, ஃபில்டர் பிடிப்பது துளியைத்தான், ஆவியை அல்ல. கம்ப்ரசரின் வாயிலேயே சூடாக இருக்கும்போது மாட்டினால் எண்ணெய் ஆவியாக நழுவிப்போய், குழாயின் கடைசியில் குளிர்ந்து துளியாகும். தொட்டியையும் முடிந்த அளவு குழாய் நீளத்தையும் தாண்டி, பயன்படுத்தும் இடத்துக்கு அருகே குளிர்ந்த காற்றில் மாட்டுங்கள். காற்றின் தரத்துக்கான ஐஎஸ்ஓ 8573-1 எண்ணெய்க்கு வகுத்துள்ள தரங்களில் முதல் தரம் கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம், இரண்டாவது 0.1, மூன்றாவது 1, நான்காவது 5. முதல் தரம் வேண்டுமென்றால் பொதுவாக ஒரு சாதாரண ஃபில்டர், ஒரு நுண் ஃபில்டர், ஆவிக்குக் கரி ஃபில்டர் என மூன்றும் வரிசையாகத் தேவை. கார் பெயிண்டுக்கு முதல் இரண்டை ஒழுங்காகப் பராமரித்தாலே நல்ல பூச்சு வருகிறது என்பது என் அனுபவம்.

தொட்டியை வடிப்பதை மறக்காதீர்கள். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில், மேலே சொன்ன 34 கன மீட்டர் இயந்திரம் ஒரு மணி நேரம் முழுச்சுமையில் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்கிறது. வடிக்காத தொட்டியில் எண்ணெய் மிதக்கும் நீர் காற்றோடு கிளம்பி ஃபில்டரை மூழ்கடிக்கும். ஃபில்டரின் கிண்ணம் பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னரால் துடைக்காதீர்கள், சில செயற்கை எண்ணெய்களும் அதற்கு ஆகாது. நுண்விரிசல் விட்டு அழுத்தத்தில் சிதறும். சோப்புத் தண்ணீர் மட்டும்.

எண்ணெயே கூடாது என்ற இடத்துக்கு, உதாரணமாகப் பல் மருத்துவமனைக்கு, டெஃப்லான் கலந்த ரிங் உள்ள எண்ணெயில்லாக் கம்ப்ரசரே சரி. அதையும் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் வைத்தால் டீசல் ஆவியை உள்ளே இழுத்து அனுப்பும். சாதாரண எண்ணெய்க் கம்ப்ரசரின் காற்றை எக்காரணம் கொண்டும் முகமூடியில் இணைத்துச் சுவாசிக்கக் கொடுக்காதீர்கள். சூடேறிக் கருகும் எண்ணெயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது.

அந்தப் பட்டறையில் ஃபெல்ட்டை மாற்றி, எண்ணெய் மட்டத்தை நடுவுக்கு இறக்கி, உள்ளிழுக்கும் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோனோம். ரிங்கைத் தொடவில்லை. ஆனாலும் முதல் மூன்று நாள் தாளில் கறை வந்துகொண்டே இருந்தது. மாதக்கணக்கில் குழாயில் தேங்கியிருந்த எண்ணெய் அது. குழாயின் தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் வால்வு வைத்து, கன்னுக்குப் போகும் கிளையைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து, ஹோஸைப் புதிதாக மாற்றினோம். ஐந்தாம் நாள் தாள் வெள்ளையாக இருந்தது, ஃபில்டருக்குப் புது எலிமெண்ட் அதன் பிறகுதான் வாங்கினார்கள். இப்போது கம்ப்ரசருக்கு மேலே ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, ஓடிய மணி, ஊற்றிய மில்லி என்று மூன்று கட்டங்கள். பெயிண்டரே எழுதுகிறார்.